சுற்று எண்ணியவன்

பத்திரிகையில் 'மெட்ராஸ் ரேஸ்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் ஜில்லாக்காரன் விழித்துக்கொள்வான். எனக்கு நினைவு தெரிந்து, 2024 ஆகஸ்ட் கடைசிவரை மெட்ராஸுக்குள் தடம் கட்டிக் கார் பந்தயம் நடந்ததில்லை. அந்த வருஷம்தான் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்குத் தடுப்பு வைத்து, ராத்திரியில் விளக்குப் போட்டு ஓட்டினார்கள். அதுவும் முந்தின டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போட்டது. அதற்கு முன்னால் இத்தனை வருஷமும் பந்தயம் நடந்ததெல்லாம் எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவில், முதலில் சோழவரத்தில், பிறகு இருங்காட்டுக்கோட்டையில்.

சோழவரம் திருவள்ளூர் மாவட்டமாச்சே, இருங்காட்டுக்கோட்டை காஞ்சிபுரம் மாவட்டமாச்சே என்று சின்னப் பிள்ளைகள் கேட்கும். அது இப்போதைய கணக்கு. 1997இல் பிரிக்கும்வரைக்கும் வடக்கே பொன்னேரியிலிருந்து தெற்கே மதுராந்தகம், செய்யூர் வரை எல்லாம் ஒரே ஜில்லா. தலைநகரம் 1968லேயே காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டது, பேர் மட்டும் எங்களிடம் இருந்தது. பிறகு பேரும் போயிற்று. 2019 நவம்பரில் பேர் திரும்பி வந்தபோது சோழவரமும் இல்லை, இருங்காட்டுக்கோட்டையும் இல்லை. பாகப்பிரிவினையில் எங்கள் பங்குக்குக் கடலோரம் வந்தது. கூடவே அந்தக் கடலோரச் சாலையில், மணிக்கணக்கில் இல்லை, நிமிஷக்கணக்கில் வாடகைக்கு விடும் கோ-கார்ட் தடங்களும்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளோடு சரி. அப்பாவுக்குச் செங்கல்பட்டில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை. எச்.எம்.டி. வாட்சுக்கு ஸ்பிரிங் மாற்றுவது, சுவர்க் கடிகாரத்துக்கு எண்ணெய் விடுவது, இதுதான் வேலை. 1974இல் மாமல்லபுரம் போகிற வழியில் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஸ்மித்ஸ் ஸ்டாப்வாட்ச், அழுத்தினால் நிற்கவில்லை. உள்ளே தூசி. நான்தான் பிரித்துத் துடைத்துப் போட்டேன். சரியாக நிற்கிறதா என்று பார்க்க, சுவர்க் கடிகாரத்தின் முள்ளோடு சேர்த்துப் பத்துத் தடவை அழுத்திக் காட்டினேன். அவர் வாட்சைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ரெண்டு நாள் சோழவரத்துக்கு வர முடியுமா? சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது" என்றார்.

அப்பாவைப் பார்த்தேன். "போயிட்டு வாடா. இங்க இருக்கிறதெல்லாம் நின்னுபோன கடிகாரம்தானே. எங்க ஓடிடப் போவுது" என்றார் அப்பா.

அப்படிப் போனவன்தான். சோழவரத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. அதற்குச் சொந்தமாகத் தடம் இல்லை. செங்குன்றம் தாண்டி, பெரிய சாலையை விட்டு உள்ளே போனால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று கிடந்தது. போர் முடிந்து, விமானமும் வராமல், கான்கிரீட் மட்டும் வெயிலில் வெந்துகொண்டிருந்த இடம். அதில் டிரம்மும் வைக்கோல் கட்டும் அடுக்கி வளைவு உண்டாக்கி ஓட்டினார்கள். கல்கத்தாக்காரர்கள் பாரக்பூரில் செய்ததும் இதுதான், அங்கேயும் விமானத் தளம்தான். வெள்ளைக்காரன் யுத்தத்துக்குப் போட்ட பாதையில் நம் ஊர்ப் பந்தயம் பிறந்தது. அந்த ஓடுபாதைகள் இல்லாவிட்டால் இந்த விளையாட்டு இங்கே இன்னும் இருபது வருஷம் தள்ளித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து முதல் மின்சார ரயில், அப்போது மீட்டர் கேஜ். இறங்கி பஸ், பஸ்ஸிலிருந்து இறங்கி நடை. பொழுது நன்றாக விடியும்போது அங்கே இருக்க வேண்டும். பந்தயம் பார்க்க வரும் ஜனம் நமக்கு முன்னால் வந்து, மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். கோண்டல் மகாராஜா வண்டி கொண்டுவந்தார், இலங்கையிலிருந்து ஆள்கள் வந்தார்கள், கல்கத்தாவும் பம்பாயும் பெங்களூரும் வந்தன. 1980களில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றை இறக்கியபோது அந்தச் சத்தத்தில் எனக்கு ஸ்டாப்வாட்ச் டிக்டிக் கேட்கவில்லை, விரலில்தான் தெரிந்தது. இவர்களைப் பற்றியெல்லாம் எழுத ஆள்கள் இருக்கிறார்கள். நான் மேஜைக்குப் பின்னால் இருந்தவன், மேஜையைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

மேஜை என்றால், மூங்கில் பந்தலுக்குக் கீழே ஒரு நீள மேஜை, அதில் நாலைந்து பேர். இரண்டு பேர் ஸ்டாப்வாட்ச். இன்னும் இரண்டு பேர் லேப் சார்ட். இந்த லேப் சார்ட்தான் பந்தயத்தின் உயிர், ஆனால் பார்க்க வந்தவன் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருவர் கோட்டையே பார்த்துக்கொண்டு, கடக்கிற வண்டியின் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொருவர் தலையைத் தூக்காமல் எழுத வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு பத்தி. முதல் சுற்றில் 4, 11, 7, 23 என்று கடந்த வரிசையில் மேலிருந்து கீழே. முன்னால் போகிறவன் திரும்பக் கோட்டைத் தொட்டதும் அடுத்த பத்தி. முதல் மூன்று சுற்று சுகமாகப் போகும். ஐந்தாவது சுற்றில் முன்னால் போகிறவன் கடைசி ஆளைப் பின்னாலிருந்து பிடித்துவிடுவான். அப்போது கடக்கிற வண்டியில் எது முன்னால் இருக்கிறது, எது ஒரு சுற்றுப் பின்தங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது, காகிதத்துக்குத்தான் தெரியும். சொல்பவர் தும்மினால் ஒரு வண்டி போச்சு. எழுதுபவர் ஏன் என்று தலையைத் தூக்கினால் மூன்று வண்டி போச்சு.

எனக்கு அது நடந்தது. மோட்டார்சைக்கிள் பந்தயம் ஒன்று. தூசியும் எண்ணெயும் அப்பிய எண் பலகையில் 6 எது 8 எது என்று தெரியவில்லை. நான் சொல்லும் இடத்தில் இருந்தேன், எட்டு என்று கத்தினேன். ஆறு இரண்டாவதாக வந்தவன், அவனை ஒரு சுற்றுக் குறைத்து நாலாவதாக ஆக்கிவிட்டேன். முடிவை ஒட்டியதும் அவன் வந்தான். கத்தவில்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு. அந்தப் பணம் அவனிடம் இல்லை. பெட்ரோல் போட்டதோடு தீர்ந்துவிட்டதாம். என் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் தாளை விரித்துப் பத்தி பத்தியாக விரல் வைத்து வந்தார். ஏழாவது பத்தியில் எட்டு இரண்டு தடவை இருந்தது. ஒரு வண்டி ஒரே சுற்றில் இரண்டு தடவை கோட்டைத் தாண்டாது இல்லையா. திருத்தினார்கள். அந்தப் பையன் என்னிடம் வந்து, "பரவால்ல விடுங்க சார்" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் அதோடு சோழவரம் போவதை நிறுத்தியிருப்பேன்.

அந்த விமானத் தளம் கிளப்பின் சொத்து இல்லை. ஒவ்வொரு வருஷமும் கேட்டு வாங்கி, கட்டி, பிரித்து, சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில் தடம் போட்டு 1990இல் திறந்தது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். குறுக்கே வெட்டிக் குட்டிச் சுற்றாகவும் ஓட்டலாம். அப்போது சுற்றிலும் பொட்டல். ஹூண்டாய் அந்த ஊரில் அடிக்கல் நாட்டியது 1996இல், முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998இல். எங்கள் மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். இந்தப் பக்கத்தை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது, ஹூண்டாய்க்கும் ஃபோர்டுக்கும் முன்னால் பந்தயம் வந்த ஜில்லா இது என்று. ஃபோர்டு 2021இல் மூட்டை கட்டப் போவதாகச் சொல்லிவிட்டது. தடம் இருக்கிறது.

கார்ட் கதைக்கு இப்போதுதான் வருகிறேன். தாமதமாகத்தான் வருகிறேன், ஏனென்றால் கார்ட் இங்கே தாமதமாகத்தான் வந்தது.

உலகத்தில் கார்ட் 1956இல் பிறந்தது. கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்ற பந்தயக் கார் செய்கிற ஆள், புல் வெட்டும் மெஷினின் வெஸ்ட் பெண்ட் எஞ்சின் ஒன்றை எடுத்து, குழாயை வளைத்துப் பற்றவைத்து, நாலு குட்டிச் சக்கரம் மாட்டி ஓட்டினார். விளையாட்டு மைதானங்களின் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், கூட்டம் கூடிவிட்டது. 1962க்குள் இதற்கென்று ஒரு சர்வதேச ஆணையமே அமைந்துவிட்டது. பிரேசிலின் சென்னாவும் ஜெர்மனியின் ஷூமாக்கரும் இதில் உட்கார்ந்துதான் ஓட்டக் கற்றார்கள். ஷூமாக்கரின் அப்பா கெர்ப்பன் என்ற ஊரில் கார்ட் தடத்தைப் பார்த்துக்கொண்டவர்.

அதாவது மற்ற ஊர்களில் திண்ணை, நடை, கூடம், மாடி என்று வீடு கட்டினார்கள். நாம் மாடியை முதலில் கட்டினோம். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை 1980களின் கடைசியில் செய்தார். பையன்கள் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு நேரே அதில் ஏறினார்கள். நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமே இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதியில்தான், அதிலேயே மேடையும் ஏறிவிட்டார். 2005இல் அவர் ஜோர்டான் அணிக்கு ஃபார்முலா ஒன் ஓட்டியபோது எங்கள் கடையில் டி.வி. ஓடியது, வந்தவர்கள் வாட்சை மறந்துவிட்டுப் பார்த்தார்கள். கார்ட் என்ற திண்ணையில் உட்காராமல் மாடி ஏறியவர் அவர். எல்லாராலும் முடியாது அது.

ஏன் தாமதம் என்றால், காசுதான் முதல் காரணம். இறக்குமதி லைசென்ஸ் காலத்தில் குழந்தை ஓட்டுவதற்கு ஒரு பந்தய எஞ்சினை யார் தருவிப்பார்கள்? செய்து பார்த்தவர்கள் உண்டு. எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர் ஒருவர் லாம்ப்ரெட்டா எஞ்சினைப் பூட்டி ஒன்று செய்தார். நேரே போகும், திரும்பாது. கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது, பின்னச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே இரும்புத் தண்டில் ஒட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். அப்படியானால் வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு ஒரு நூல் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் வண்டி முரண்டு பிடிக்கும். சட்டகம் வளைந்து கொடுத்தால்தான் அது எழும்பும். பட்டறைக்காரர் நல்ல கனமான ஆங்கிள் இரும்பில் சட்டகம் செய்திருந்தார். வண்டி ஸ்திரமாக இருந்தது, அதுதான் கோளாறு.

2000க்குப் பிறகு நிலைமை மாறியது. சென்னைக்காரரான அக்பர் இப்ராஹிம், அவரே ஃபார்முலா த்ரீ ஓட்டியவர், மீகோ மோட்டார் ஸ்போர்ட்ஸ் மூலம் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் எஞ்சின்களைக் கொண்டுவந்தார். ஜே.கே. டயர் பேரில் தேசிய கார்ட்டிங் சாம்பியன்ஷிப் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. கரிவரதன் 1995இல் சின்ன விமானம் விழுந்து இறந்துபோனார். அவர் பேரில் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் எழுந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் கார்ட் ஓடியது. மோட்டார்சைக்கிள் வீரர் ஆர்.ஏ. அப்துல்லாவின் மகள் அலிஷா குழந்தையிலேயே கார்ட்டில் தொடங்கிப் பெரிய வண்டிக்கு வந்தார். 2002இல் நடிகர் அஜித் ஃபார்முலா மாருதி ஓட்டியபோது இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த கூட்டம் பந்தயத்துக்கு வந்த கூட்டம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் தோளில் உட்கார்ந்து வந்த குழந்தைகளில் சிலது, அப்பாவிடம் தனக்கும் ஒரு வண்டி கேட்டிருக்கும்.

ரோட்டாக்ஸ் வந்ததில் எனக்குப் பிடித்தது வேகம் இல்லை, முத்திரை. எஞ்சினுக்கு எண் போட்ட சீல் வைத்து வரும். அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் திறக்கலாம். சீல் உடைந்திருந்தால் நீ வெளியே. டயர் இன்ன டயர், இத்தனை ஜோடிதான், அதற்கும் குறி உண்டு. வயதுக்கு ஏற்ற வகுப்பு: எட்டு வயசுக்கு மைக்ரோ, பிறகு மினி, ஜூனியர், பதினாலு ஆனால் சீனியர். எஞ்சின் ஒரே குடும்பம்தான், சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சை அடைத்துக் கொடுப்பார்கள். பந்தயம் முடிந்து உள்ளே வந்ததும் வண்டியோடு ஆளையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பார்கள். குறைந்தபட்ச எடைக்குக் கீழே போனால், முதலாவதாக வந்தாலும் முடிவில் பேர் இருக்காது. ஒல்லிப் பிள்ளைகள் இருக்கையில் ஈயக் கட்டியைப் போல்ட் போட்டுக்கொண்டு ஓட்டும். கடிகாரக்காரனுக்கு இது புரிந்த விஷயம். பேலன்ஸ் வீலில் ஒரு தூசி எடை கூடினாலும் கடிகாரம் பின்னால் போகும்.

ஆனால் இதெல்லாம் சொந்தமாக வண்டி வாங்க முடிந்தவர்கள் விஷயம். மற்றவர்களுக்கு வாடகை வண்டி. கிழக்குக் கடற்கரைச் சாலையை 2000க்குப் பிறகு அகலப்படுத்திச் சுங்கம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பையன்கள் பைக்கில் அந்தச் சாலையிலேயே பந்தயம் விட்டுச் செத்தார்கள். முட்டுக்காட்டிலிருந்து இந்தப் பக்கம் வாடகைத் தடங்கள் முளைத்ததும் அந்தக் காலத்தில்தான். அங்கே இருப்பது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் இருக்குமே அந்த வம்சம். பெட்ரோலைக் கொஞ்சமாகக் குடிக்கும், அடி தாங்கும், எல்லாரையும் ஓட்டவிடும்.

2009இல் நாங்கள் ஆறு பேர், எல்லாரும் சோழவரத்துக் காலத்துக் கொடி ஆட்டிகள், சுற்று எண்ணிகள், கடலோரத்தில் ஒரு வாடகைத் தடத்தில் ஜில்லாப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தோம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், மாமல்லபுரத்துப் பக்கம் தேவனேரிக் குப்பம் என்று 24 பிள்ளைகள். வண்டி 6. தேசியப் போட்டி நடத்துவதை விட இது கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் கஷ்டம், ஆறு வண்டியும் ஆறு விதம். மூன்றாம் எண் வண்டி குதிரை, ஐந்தாம் எண் எருமை. யாருக்கு எது என்பதில் பெற்றோர்கள் காலையிலேயே சண்டைக்கு வந்துவிட்டார்கள். எங்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். "உத்திரமேரூர்க் கல்வெட்டு பக்கத்துலதானேய்யா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு எவர்சில்வர் குடத்தில் சீட்டைப் போட்டார். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கக் குடத்தில் ஓலை போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்ன முறை அது. டீக்கடைக்காரர் பேரன், நாலு வயசு, கையை விட்டு எடுத்தான். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ரோட்டாக்ஸ் உலக இறுதிப் போட்டியிலும் வண்டியைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். உத்திரமேரூர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஓட்டம், மூன்றும் வேறு வேறு வண்டி. மொத்தம் 12 ஓட்டம். வந்த இடத்துக்குப் புள்ளி, புள்ளியில் முதல் ஆறு பேர் இறுதிக்கு. முதல் நாள் ராத்திரி இந்த அட்டவணையைப் போட நாலு தாள் கிழித்தேன், ஒரு பையனுக்கு இரண்டு தடவை எருமை வந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது கஷ்டம், எடை. அரிசி மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கிவந்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். 34 கிலோவிலிருந்து 61 கிலோ வரை இருந்தது. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சுமை வைப்பது என்று முடிவு. ஈயத்துக்கு எங்கே போவது? தேவனேரிக்காரர் ஒருவர், ஓட்ட வந்த பையனின் அப்பா, "எங்க வலையில கட்டறது என்னாத்தயாம்?" என்று கேட்டுவிட்டு டி.வி.எஸ். 50இல் போய் இரண்டு கோணி ஈயக்குண்டு கொண்டுவந்தார். அதைத் துணிப் பையில் கட்டி இருக்கைக்கு அடியில் இறுக்கினோம். அந்தப் பைகளில் காய்ந்த மீன் செதிள் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்துக் கிலோ ஏற்றினால் அதே பையன், அதே வண்டியில், சுற்றுக்குக் கால் செகண்டுக்கு மேல் பின்தங்கினான். நானே அழுத்திப் பார்த்தேன்.

மூன்றாவது, மணல். சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடல் காற்று அடித்தால் வளைவில் மணல் வந்து மெல்லிய பாய் மாதிரி படுத்துக்கொள்ளும். கார்ட்டின் அடிவயிறு தரையிலிருந்து ஓர் அங்குலம்தான், டயரோ வழுவழுப்பாக இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு நடுவிலும் தென்னந்துடைப்பத்தோடு இரண்டு பேர் ஓடினார்கள். வழுக்கும் தடத்துக்குக் காட்டும் மஞ்சள்-சிவப்புக் கோடு போட்ட கொடியை அன்றைக்கு ஆட்டின மாதிரி நான் சோழவரத்தில் ஒருநாளும் ஆட்டிப் பார்த்ததில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தனியார் ஆம்புலன்ஸ்காரர், சாலையில் விபத்து என்று கேட்டுப் போய்விட்டார். போனது நியாயம்தான். ஆனால் ஆம்புலன்ஸ் இல்லாமல் பந்தயம் கிடையாது. சோழவரத்தில் பெரிய மனிதர்களின் வண்டிகளே அதற்காகக் காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் சிலர், "பொம்மை வண்டிதானே, ஓட்டுங்க சார்" என்றார்கள். வாத்தியார் சிவப்புக் கொடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். பிள்ளைகள் எலுமிச்சஞ்சாதம் சாப்பிட்டு, புளியமரத்தடியில் தூங்கின.

இறுதியில் ஜெயித்தவன் கல்பாக்கத்துப் பையன். தேவனேரிப் பையன் மூன்றாவது. அவன் ஓட்டிய கோடுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. மற்றவர்கள் வளைவுக்குள் வண்டியைத் திணித்தபோது, அவன் தள்ளியிருந்து வந்து, ஒரே வீச்சில் திருப்பி, அலையில் கட்டுமரத்தைத் திருப்புகிற மாதிரி எடுத்துக்கொண்டு போனான். அவன் கார்ட்டில் மேலே போயிருக்கலாம். போகவில்லை. ஒரு ஜோடி டயர் விலையைக் கேட்டுவிட்டு அவன் அப்பா சிரித்தார். அந்தக் குப்பங்களின் பிள்ளைகள் பிறகு அலைச்சறுக்கில் தேசிய அளவில் ஜெயித்தார்கள். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியே நடந்தது. அங்கேயும் போய்ப் பார்த்தேன், அதே ஓட்டம், அதே புள்ளி, அதே மேஜை. ஒரு வித்தியாசம், தடத்துக்கு வாடகை இல்லை.

எங்கள் போட்டியிலிருந்து யாரும் தேசியத்துக்குப் போகவில்லை என்பதை ஒளிக்கப் போவதில்லை. பெரிய கம்பெனிகள் பிறகு இதையே பெரிதாகச் செய்தன. 2011இல் ஃபோர்ஸ் இந்தியா அணி 'நூறு கோடியில் ஒருவர்' தேடல் என்று ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கார்ட்டில் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அர்ஜுன் மைனி, ஜெஹான் தாருவாலா, தருண் ரெட்டி எல்லாம் அப்படி வந்தவர்கள். ரெட் புல் கார்ட் ஃபைட் வாடகை வண்டியை வைத்தே நகரத் தகுதிச் சுற்று, தேசிய இறுதி என்று நடத்தியது. ஆனால் எங்கள் 24 பேரில் ஒருவன் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் மார்ஷல். வளைவில் மஞ்சள் கொடியோடு நாள் முழுக்க வெயிலில் நிற்கிறான், சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு. புள்ளிப் பட்டியலில் அவன் 19ஆவது.

இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பேர். பக்கத்திலேயே கார்ட்டுக்கென்று தனியாக மெட்ராஸ் இன்டர்நேஷனல் கார்ட்டிங் அரீனா என்று சர்வதேசத் தரத்தில் கட்டிவிட்டார்கள். தேசியப் போட்டிக்குப் பெங்களூர் மீகோ கார்டோபியாவுக்கும் இங்கேயுமாகப் பிள்ளைகள் அலைகின்றன. அப்பாக்கள் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். திண்ணை கடைசியில் கட்டியாகிவிட்டது.

லேப் சார்ட் இல்லை. வண்டியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிரான்ஸ்பான்டர், தரையில் புதைத்த கம்பியைத் தாண்டினால் செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை திரையில் வருகிறது. ஆறும் எட்டும் குழம்பாது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, குவார்ட்ஸ் வாட்ச் வந்தபோதே அழுது முடித்துவிட்டேன்.

என் பேத்திக்கு 11 வயசு. கடலோர வாடகைத் தடத்தில் ஆரம்பித்தவள், போன வருஷம் அவள் அப்பா கடன் வாங்கிப் பழைய வண்டி ஒன்று எடுத்துக் கொடுத்தான். முதல் போட்டிக்கு நானும் போனேன். மருத்துவச் சான்று, பெற்றோர் சம்மதக் கடிதம், லைசென்ஸ், ஹெல்மெட் பரிசோதனை என்று வரிசையில் நின்றபோது எனக்குத்தான் பரபரப்பு, அவள் சாக்லேட் கவரை மடித்துக்கொண்டிருந்தாள். திரை இருந்தாலும் நான் பையில் கொண்டுபோன நோட்டில் பத்தி போட்டு எழுதினேன். பக்கத்தில் இருந்த ஒரு பையன், "என்ன தாத்தா சுடோகுவா?" என்றான்.

நாலாவதாக வந்தாள். நோட்டிலும் நாலு, திரையிலும் நாலு. அப்புறம் தராசில் ஏற்றினார்கள். 200 கிராம் குறைச்சல். நோட்டில் அவள் எண் இருந்தது, ஒட்டிய முடிவில் இல்லை.

ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, எரநூறு கிராம்தானே. நீங்க போய்ச் சொல்லுங்களேன். உங்களுக்கு எல்லாரையும் தெரியும்ல."

எல்லாரையும் தெரியும்தான். ஆட்சேபத்துக்கு அரை மணி நேரம் இருந்தது, கட்டப் பணமும் என் சட்டைப் பையில் இருந்தது. காலையில் பயத்தில் இரண்டு இட்லியை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். நான்தான், போகட்டும் விடு என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.